முதல் பிளவுக்குத் தொண்ணூறு நிமிடம்

ஒன்பது முப்பத்திரண்டுக்கு விந்து கரைத்த நீரை ஊற்றியாயிற்று. நாற்பத்தொரு தவளை முட்டைகள். சன்னாசி மூன்று தடவை எண்ணிவிட்டார், மூன்று தடவையும் நாற்பத்தொன்றுதான் வந்தது. கண்ணாடித் தட்டில் வெறும் கண்ணுக்கு ஒவ்வொன்றும் கடுகளவுதான். லென்ஸ் வழியாகக் குனிந்து பார்த்தால் நாவல்பழம் அளவுக்கு வளர்ந்து, மேல்பாதி காப்பிக்கொட்டை நிறத்திலும் கீழ்பாதி பாலாடை நிறத்திலும் பளபளத்தன. ஊற்றிய கால்மணி நேரத்துக்குள் அவை ஒவ்வொன்றாகத் தாமாகவே புரண்டு, கருத்த முகம் மேலே வரும்படி படுத்துக்கொண்டன. புரண்டால் கரு பிடித்துவிட்டது என்று அர்த்தம். முப்பத்தெட்டு புரண்டன. மூன்று மட்டும் விழுந்த வாக்கிலேயே சாய்ந்து கிடந்தன, அவற்றை அவர் கணக்கிலிருந்து கழித்துவிட்டார். இனி அவருக்கு ஒரே வேலை, லென்ஸை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பது. தொண்ணூறாவது நிமிடத்தில், அதாவது பதினொன்று இரண்டுக்கு, ஒற்றை முட்டை இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த அறைக்குப் போய், ஆராய்ச்சி மாணவி ரிஸ்வானாவிடம் "பிரிஞ்சிருச்சு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழுந்து, முட்டை நல்லது என்று உறுதியான பிறகுதான் அவள் உறைபெட்டியைத் திறந்து தன்னுடைய கடைசிக் குழாயை வெளியே எடுப்பாள். இப்போது மணி ஒன்பது ஐம்பத்தேழு. அறைக்குள் ஏ.சி. இருபத்திரண்டு பாகையில் ஓடிக்கொண்டிருந்தது. மதுரை வெயிலில் கம்பளிச் சட்டையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு பேருந்துக்கு நிற்கிற ஒரே ஆள் அவர்தான். அந்தச் சட்டையைப் போட்டும் அவருக்கு இன்று குளிரெடுத்தது. வலது கை மட்டும் குளிரவில்லை, உள்ளங்கையில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது. மேசை விளிம்பில் தேய்த்தார், போகவில்லை. அது ஒரு எடை. நேற்றுச் சாயங்காலம் அந்தக் கையில் உட்கார்ந்து போன ஒரு தவளையின் எடை.

தட்டின் மூடியில் பதினேழு என்று எழுதியிருந்தது, அவர் கையெழுத்துதான். பதினேழாம் எண் தவளை நூற்று எண்பது கிராம். போன வாரம் தராசில் வைத்தபோதும் நூற்று எண்பது, அதற்கு முந்தின வாரம் நூற்று எழுபத்தெட்டு. நேற்று, முட்டையிட வைக்கும் ஊசி போடுவதற்காக ஈரத்துணியைச் சுற்றி அள்ளியபோது கைக்கு வந்தது நூற்று எண்பது இல்லை. ஒரு எலுமிச்சம்பழம் குறைந்திருந்தது. முப்பத்தொரு வருஷம் அணைக்குப் பக்கத்து மீன் பண்ணையில் குஞ்சு எண்ணிய கை அது. மற்றவர்கள் ஒரு கிண்ணம் மொண்டு எண்ணிவிட்டு மீதியைக் கிண்ணக் கணக்கில் பெருக்கி எழுதுவார்கள், அவர் பத்துக் கிண்ணத்துக்கு ஒரு கிண்ணம் ஒவ்வொரு குஞ்சாக எண்ணிச் சரிபார்ப்பார், மேலதிகாரிகள் வாய்க்குள் சிரித்துக்கொள்வார்கள், எண்ணி முடிப்பதற்குள் லாரி கிளம்பிவிடும் என்று. ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தவளை அறைக்குக் கூப்பிட்டதே அந்த எண்ணிக்கைக்காகத்தான். எட்டாம் வகுப்பு படித்தவரை ஆராய்ச்சி நிலையத்துக்குள் வேறு எதற்குக் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு பெண் தவளைகள், நாக்கில்லாத, நகமுள்ள ஆப்பிரிக்கத் தவளைகள், தண்ணீரை விட்டு ஏறாதவை. ஒவ்வொன்றின் முதுகுப் புள்ளியையும் அவர் ஒவ்வோர் அட்டையில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். ஒரு தடவை முட்டையிட்ட தவளைக்கு நூற்று இருபது நாள் ஓய்வு. அதுவரை அதன் தொட்டி மூடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும், நூற்று இருபத்தோராம் நாள் காலையில் அவரே கத்தரிப்பார். நூல் இருந்தால் ஊசி கிடையாது. மூன்று வருஷமாக இந்த ஏற்பாடு ஒரு தடவைகூடப் பிசகவில்லை, ஏனென்றால் மூன்று வருஷமாக யாரும் எல்லா மூடிகளையும் ஒரே நேரத்தில் கழற்றவில்லை. நேற்று வீரணன் கழற்றினான். தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கு வந்தவன், குழாய் மாற்றக் கை நுழையவில்லை என்று மேல்தட்டு மூடிகளை எல்லாம் கழற்றி ஓரமாக அடுக்கி, வேலை முடிந்ததும் தானே மாட்டியும்விட்டான். எண்ணும் மூடியில்தான், நூலும் மூடியில்தான். தொட்டியில் எழுதினால் ஈரத்தில் அழிந்துவிடுகிறதென்று சன்னாசியே செய்த ஏற்பாடு. சந்தேகம் தட்டித்தான் அவர் தகரப்பெட்டியிலிருந்து பதினேழின் அட்டையை எடுத்தார். எடுத்ததை வீரணன் பார்த்துவிட்டான். "என்ன சித்தப்பு, ஜாதகம் பாத்துத்தான் ஊசி போடுவீகளா? பத்துக்கு எத்தனை பொருத்தம் இருக்கு?" என்றான். வாசலில் கண்ணாடிக் குடுவை எண்ணிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஆனாலும் அவருக்குக் காது மடல் கொதித்தது. அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, புள்ளியைப் பார்க்காமல் ஊசியைப் போட்டுவிட்டார். அந்தச் சட்டை இப்போது வீட்டில் சோப்புத் தண்ணீரில் ஊறுகிறது, அட்டையோடு.

இல்லை, அப்படி இருக்காது. வீரணன் வரிசையாகத்தான் அடுக்கியிருப்பான், வரிசையாகத்தான் மாட்டியிருப்பான். எடை குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம், இரண்டு நாளாக அது சரியாகத் தின்றிருக்காது. தின்றது. சனிக்கிழமை பதினேழுக்குப் போட்ட இருபது தீனி உருண்டையில் மிச்சம் ஒன்றுகூட இல்லை, நோட்டில் இருக்கிறது. காலையில் முட்டை பிதுக்கும்போது முதுகு தெரிந்ததே, அப்போது பார்க்கவில்லையா? பார்த்தார். ஈரத்தில் வழுக்கி, விளக்கு பட்டு மின்னி, ஒரு கணம் தெரிந்தது. பதினேழுக்கு முதுகெலும்புக்கு இடப்பக்கம் மூன்று புள்ளி வரிசையாக இருக்கும். ஒரு தொட்டி தள்ளியிருக்கும் பத்தொன்பதுக்கும் மூன்று புள்ளிதான், ஆனால் அடுப்புக் கல் வைத்ததுபோல முக்கோணமாக. காலையில் அவர் பார்த்தது வரிசையா, முக்கோணமா? இதை நினைக்கிற ஒவ்வொரு தடவையும் மனசு அந்த இடத்தில் வந்து கால் இடறி நின்றது, பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி முதலிலிருந்து நடந்து வந்து அதே இடத்தில் இடறியது. எழுந்து போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். தவளை அறை இங்கிருந்து நாற்பத்தாறு எட்டு நடைதான். ஆனால் லென்ஸை விட்டு நகரக் கூடாது, முதல் பிளவு நிமிடத்தோடு வேண்டும் என்று ரிஸ்வானா சொல்லியிருக்கிறாள். நல்ல காரணம் அது. நல்ல காரணமாக இருப்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பத்தொன்பது முட்டையிட்டு ஐம்பத்தெட்டு நாள்தான் ஆகிறது.

சுவருக்கு அப்பால் பெரிய சுழல் இயந்திரம் ஏறி இறங்கும் ஓசை கேட்டது. ரிஸ்வானா மீதி முட்டைகளை, இதே தவளை ராத்திரி இட்ட இரண்டாயிரத்துச் சொச்சத்தை, அதில் போட்டுச் சுற்றி நசுக்குகிறாள். நசுக்கிய குழாயை ஒருநாள் அவருக்குக் காட்டினாள். மேலே கொழுப்பு வெள்ளையாக, அடியில் கருமஞ்சளாக, நடுவில் தேன் நிறத்தில் ஒரு விரற்கடை. "இந்தத் தேன்தாண்ணே எனக்கு வேணும். இதுக்குள்ள முட்டையும் இல்ல, உயிரும் இல்ல. ஆனா ஒரு டி.என்.ஏ. நூலைப் போட்டா, போட்ட நூலை நகல் எடுத்துக் கொடுத்துரும். ஒரே ஒரு நகல். ரெண்டாவது எடுக்கவே எடுக்காது" என்றாள். உத்தமபாளையத்துப் பெண், வேகமாகப் பேசுவாள், பேசும்போது எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்க மாட்டாள், அதனால்தான் அவரிடமும் சொன்னாள். அவர் அன்று ராத்திரி தூங்கவில்லை. நசுக்கிப் பிழிந்த சாறு, அதற்குக் கண் இல்லை, தலை இல்லை, அது எப்படி ஒன்று என்று எண்ணும்? அறுபத்து மூன்று வருஷத்தில் எண்ணுவதைத் தவிர வேறெதையும் உருப்படியாகச் செய்யாதவர் அவர். எண்ணுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார்.

மறுநாள் மதியம் தயங்கித் தயங்கிக் கேட்டார், அவளுடைய சாப்பாட்டு டப்பா காலியாகும் வரை பொறுத்திருந்து. அவள் பெயர்களை இங்கிலீஷில் சொன்னாள், அவர் தவளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டார். நூலில் நகல் தொடங்க வேண்டிய இடங்களில் முதலில் போய் உட்காருவது ஓ.ஆர்.சி., அது ஆறு புரதம் சேர்ந்த ஒரு கூட்டம். அது உட்கார்ந்ததும் உதவிக்கு இரண்டு பேர் வருகிறார்கள், ஒருத்தர் சி.டி.சி. ஆறு, இன்னொருத்தர் சி.டி.டி. ஒன்று. இந்த உதவியாளர்கள் எம்.சி.எம். என்ற வளையத்தைக் கொண்டுவந்து நூலில் மாட்டுகிறார்கள், வளையத்துக்கும் ஆறு துண்டு. ஓர் இடத்துக்கு இரண்டு வளையம், முகத்தோடு முகம் பார்த்து. மாட்டுவதோடு சரி, அப்போது ஒன்றும் நடக்காது. எல்லா இடத்திலும் மாட்டி முடிந்த பிறகு வேறொரு சைகை வரும், அதன் பிறகுதான் வளையங்கள் ஆளுக்கொரு திசையில் நூலைப் பிரித்துக்கொண்டு ஓடும். ஓட ஆரம்பித்த பிறகு புதிதாக ஒரு வளையம்கூட மாட்ட முடியாது. ஏனென்றால் ஜெமினின் என்று ஒன்று வந்து, அந்த சி.டி.டி. ஒன்றின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறது. அவர் எழுதினார், கூட்டினார். ஆறு, ஒன்று, ஒன்று, பன்னிரண்டு. ஓர் இடத்துக்கு இருபது பேர். எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. பந்திதான் இது. முதலில் வரிசை முழுக்க இலை போட்டுவிட வேண்டும். இலை போடும்போது யாரும் பரிமாறுவதில்லை. பரிமாற ஆரம்பித்துவிட்டால் இலைக்கட்டு வைத்திருப்பவன் உள்ளே வரக் கூடாது, வந்தால் சாப்பிட்டு எழுந்தவனுக்கும் இன்னோர் இலை விழும், சாப்பிடாதவனுக்கு இல்லாமல் போகும். அதற்காகத்தான் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் ஒரு மாமன் இலைக்கட்டுக்காரன் கையைப் பிடித்து, செத்த உக்காருப்பா என்று நாற்காலியில் அமர்த்திவிடுவார். மொய் எழுதுகிறவரைவிட, சமையல்காரரைவிட, அந்த மாமன்தான் பந்தியைக் காப்பவர். இதை ரிஸ்வானாவிடம் சொல்லவேண்டும் என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. படித்த பிள்ளை, என்ன நினைக்குமோ என்று விழுங்கிவிட்டார். பதினான்கு மாதமாக அது விழுங்கிய இடத்திலேயே இருக்கிறது.

மணி பத்து பதினாறு. தட்டில் முப்பத்தெட்டும் அசையாமல் கிடந்தன. வெளியே ஒன்றுமே இல்லை, மெழுகி வைத்ததுபோல. ஆனால் ஊற்றி நாற்பத்து நான்கு நிமிடம் ஆகிறது, இந்த நேரத்தில்தான் உள்ளே நடக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். தவளைக்கு முந்நூறு கோடி எழுத்து, ஏறக்குறையப் பத்தாயிரம் எழுத்துக்கு ஓர் இடத்தில் தொடக்கம். மூன்று லட்சம் இடம். இடத்துக்கு இருபது பேர் என்றால் அறுபது லட்சம் பேர். அது ஒரு முட்டைக்கு. இங்கே முப்பத்தெட்டு முட்டை. அவர் அந்தப் பெருக்கலை மனசுக்குள் முடித்தார், இருபத்திரண்டு கோடியே எண்பது லட்சம். இத்தனை பேர் அந்தக் கண்ணாடித் தட்டில், ஒரு கரண்டித் தண்ணீருக்குள், சத்தமில்லாமல் இலை போட்டு, உட்கார்ந்து, எழுந்து, கைகழுவிப் போய்விடுவார்கள், அரைமணி நேரத்துக்குள், ஒருத்தர்கூட இரண்டு தடவை உண்ணாமல், ஒருத்தர்கூடப் பட்டினி இல்லாமல். அவருக்கு மயிர்க்கால்கள் சிலிர்த்தன. மேற்பார்வை பார்க்க யார் இருக்கிறார்கள் அங்கே? நோட்டு எங்கே? மீனாட்சி கல்யாணத்துக்குத் தெரு அடைக்கக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தபோதுகூட அவருக்கு இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை, ஏனென்றால் அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கயிறு உண்டு, போலீஸ் உண்டு, சின்னச் சின்னத் தள்ளுமுள்ளும் உண்டு. இது தவளைக்கு மட்டுமில்லை, எல்லா உயிருக்கும் இதே ஆட்கள்தான் என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் இந்த நிமிடத்தில் மேசைமேல் ஊன்றியிருக்கும் இந்த முழங்கைத் தோலுக்கு அடியில், போன வாரம் தொட்டி விளிம்பு கீறி ஆறிக்கொண்டிருக்கும் இந்த விரலில், பந்தி நடக்கிறது. தனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டு இறங்கியபோதும் நடந்திருக்கிறது. யாரும் கேட்காமலே, யாருக்கும் தெரியாமலே, இவ்வளவு சரியாக. தான் இத்தனை காலம் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்ததை எண்ணி அவருக்கு லேசாக வெட்கம் வந்தது, அந்த வெட்கம் வழக்கமான வெட்கம்போலச் சுடவில்லை, குளிர்ந்த தண்ணீரில் இறங்கினதுபோல இருந்தது.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்றும் அன்று கேட்டிருந்தார். கேட்டிருக்க வேண்டாம். "செத்துரும்ணே. இல்லேன்னா சில சமயம் சாகாம, கணக்கில்லாமப் பெருக ஆரம்பிச்சுரும். சில கட்டி அப்படித்தான்" என்றாள், ஆரஞ்சுச் சுளையை உரித்துக்கொண்டே. அவர் மனைவி சிவனம்மாளுக்கு இடது மார்பில் முதலில் மொச்சைக் கொட்டை அளவுதான் இருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும். சொல்லக் கூச்சம். டாக்டர் ஆணாக இருந்தால் என்ன செய்வது என்று கூச்சம், பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று கூச்சம். தெரியவந்த நாளிலிருந்து பின்னோக்கி அவர் எண்ணிப் பார்த்தார், அவளே ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொன்னாள், ஆடி அமாவாசைக்குக் குளிக்கும்போது தட்டுப்பட்டது என்று. இருநூற்றுப் பன்னிரண்டு நாள். அவர் வீட்டில், அவர் பக்கத்தில் படுத்திருந்தவள் உடம்பில், இருநூற்றுப் பன்னிரண்டு நாள் கணக்கில்லாமல் இலை விழுந்துகொண்டிருந்தது, அவர் தினமும் பண்ணைக்குப் போய் மீன் குஞ்சு எண்ணிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் என்றாள் கடைசியில். அவருக்கும் கேட்கக் கூச்சம். மெலிகிறாளே என்று கைக்குத் தெரிந்திருந்தது. கைக்கு எப்போதும் தெரிந்துவிடுகிறது, வாய்தான்.

பத்து நாற்பத்தொன்று. சுழல் இயந்திரம் நின்றுவிட்டது. தேன் இறங்கியிருக்கும், அவள் ஊசியால் குழாயின் விலாவைக் குத்தி உறிஞ்சிக்கொண்டிருப்பாள். அந்தக் கடைசிக் குழாயில் இருப்பது அவள் ஏழு மாதம் உழைத்துச் செய்த ஜெமினின், அந்தக் கையைப் பிடிக்கும் மாமன், ஆனால் ஒரே ஓர் இடத்தில் மாற்றியது. மாற்றினால் பிடி தளர்கிறது, இலைக்கட்டுக்காரன் எழுந்து விடுகிறான், இரண்டாம் நகல் விழுகிறது, அதுதான் அவள் சொல்ல வருவது. இரண்டு தடவை அப்படியே வந்தது. மூன்றாவது தடவையும் வந்தால்தான் எழுதி அனுப்ப முடியும். குழாயை ஒருமுறை உருக வைத்தால் அவ்வளவுதான், திரும்ப உறைய வைத்தால் வீரியம் போய்விடும். முழு ஓய்வு எடுக்காத தவளையின் முட்டை வெளியே ஒரு குறையும் காட்டாது, அதுதான் கண்டம் என்று அவளே எச்சரித்திருந்தாள். பிளக்கும், அழகாகப் பிளக்கும், ஆனால் உள்ளே அந்த ஜெமினின் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்று சொல்ல முடியாது, கூடலாம், குறையலாம், அதில் வருகிற எண் சரியா தப்பா என்று யாருக்குமே தெரியப்போவதில்லை. யாருக்குமே தெரியப்போவதில்லை. இந்தச் சொற்றொடர் வந்து அவர் பக்கத்தில் சிநேகமாக உட்கார்ந்துகொண்டது. மூடியில் பதினேழு, நோட்டில் பதினேழு. பேசாமல் இருந்தால் எண்ணத் தெரிந்த மனுஷன் என்ற பெயர் அப்படியே இருக்கும். அவருக்கென்று இருப்பது அது ஒன்றுதான். சொல்லிவிட்டால், நாளைக்கு அவர் நாற்பத்தொன்று என்றால் அவள் தானும் ஒரு தடவை குனிந்து எண்ணிப் பார்ப்பாள். முகத்துக்கு நேரே எண்ண மாட்டாள், அவர் டீ குடிக்கப் போனபிறகு எண்ணுவாள். அதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்படிச் சொல்வது என்றும் வாக்கியம் கட்டிப் பார்த்தார். மேடம், ஒரு சின்னத் தப்பு. சின்னத் தப்பா? மேடம், மூடி மாறியிருக்கலாம்போல. மாறியிருக்கலாமா, மாறியதா? ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் உடைந்தது. மணி பத்து ஐம்பத்தைந்து. பிளக்காமல் போய்விட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தார். பிளக்காவிட்டால் முட்டை கெட்டது என்று சொல்லிவிடலாம், யார் மீதும் பழி இல்லை. நினைத்ததுமே தட்டில் கிடந்த முப்பத்தெட்டு முகங்களும் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் லென்ஸிலிருந்து எடுக்கவில்லை.

பதினொன்று மூன்றுக்கு, தட்டின் நடுவிலிருந்த ஒன்று நடுங்கியது. நடுக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, கருத்த உச்சியில் நிறம் ஒரு பக்கமாக இறுகியது. அங்கே சின்னதாக ஒரு சுருக்கம், துணியை உள்ளிருந்து யாரோ விரலால் கிள்ளிப் பிடித்ததுபோல. சுருக்கம் நீண்டது, கோடாயிற்று. கோட்டின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய மடிப்புகள் கிளம்பின, கொழுக்கட்டை மாவைச் சுற்றி நூல் போட்டு இறுக்கும்போது வருமே அந்த மடிப்பு. கோடு இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, வெளுத்த பாதிக்குள் போய் மறைந்தது. ஒன்றாக இருந்தது இரண்டாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே அளவில். அதற்குள் அதன் பக்கத்தில் இரண்டு, ஓரத்தில் ஐந்து, பிறகு அவரால் வரிசையாகப் பார்க்க முடியவில்லை, தட்டு முழுக்க, சொல்லி வைத்ததுபோல, யாரும் சொல்லாமலே, கோடுகள் விழுந்துகொண்டே வந்தன. இதை அவர் இதற்கு முன் எழுபது தடவையாவது பார்த்திருப்பார். ஒவ்வொரு தடவையும் மூச்சை விட மறந்திருக்கிறார். உள்ளே முந்நூறு கோடி எழுத்தும் ஒரு தடவை, ஒரே தடவை, நகலாகி முடிந்ததற்கு வெளியே தெரிகிற ஒரே அடையாளம் இந்தக் கோடுதான். பதினொன்று ஆறுக்கு முப்பத்தெட்டும் பிரிந்துவிட்டன. எண்ணினார், முப்பத்தெட்டு. அழகான முட்டைகள். ஒரு குறையும் இல்லாத முட்டைகள். போதும், இதற்குமேல் என்ன வேண்டும், போய்ப் பிரிஞ்சிருச்சு என்று சொல்லிவிட்டு வந்து உட்கார் என்றது பக்கத்தில் சிநேகமாக உட்கார்ந்திருந்தது. அவர் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முட்டைகள் அவருக்கு எதையும் போதிக்கவில்லை, அவை பாட்டுக்குத் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. அவ்வளவு பெரிய காரியத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வீரணன் சிரித்ததைப் பெரிசாக நினைத்துக்கொண்டிருக்கும் தன்னைத்தான் அவருக்குச் சகிக்கவில்லை. எழுந்தார். காலையில் பார்த்தது முக்கோணம். அவருக்கு முதலிலேயே தெரியும்.

ரிஸ்வானா பனிக்கட்டிப் பெட்டியில் குழாய்களை வரிசையாக நட்டுவிட்டு, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். "பிரிஞ்சிருச்சாண்ணே?"

"பிரிஞ்சிருச்சு. பதினொண்ணு மூணு. முப்பத்தெட்டும்."

"அல்ஹம்துலில்லாஹ்." அவள் திரும்பி உறைபெட்டியின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"திறக்காதீங்க."

தன் குரலா அது என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அவளும் அப்படித்தான் பார்த்தாள்.

"அது பதினேழு இல்ல. பத்தொன்பது. அம்பத்தெட்டு நாள்தான் ஆச்சு அதுக்கு. மூடி மாறிப் போச்சு."

"எப்பண்ணே மாறுச்சு? யாரு மாத்துனா?"

"யாரு மாத்துனாலும் பாத்துப் போட வேண்டியது நான்."

"முட்டை நல்லாப் பிரிஞ்சுதுன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"நல்லாத்தான் பிரிஞ்சுது."

அவள் கையை எடுக்கவில்லை, திறக்கவும் இல்லை. பிறகு கையுறையைக் கழற்றி வீசிவிட்டு அவருக்கு முன்னால் நடந்தாள். தவளை அறையில் அவர் தகரப்பெட்டியிலிருந்து பத்தொன்பதின் அட்டையை எடுத்து, முட்டையிட்ட தவளையின் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். தவளை நீருக்கடியில் கால்களை விரித்துக் களைத்துக் கிடந்தது. இடப்பக்கம் மூன்று புள்ளி, அடுப்புக் கல்போல.

"நேத்தே தெரியுமா?"

"கைக்குத் தெரிஞ்சுச்சு. எடை கொறைஞ்சிருந்துச்சு."

"அப்புறம் ஏன் பாக்கல? அட்டை எதுக்கு வரைஞ்சு வச்சிருக்கீங்க?"

"எடுத்தேன். வீரணன் ஜாதகம் பாக்குறீகளான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. உள்ள வச்சுட்டேன்."

ரிஸ்வானா அவர் முகத்தையே பார்த்தாள். வாயோரம் ஏதோ துடித்தது, அழுகையா சிரிப்பா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. "சுத்துற மிஷின் இனி அடுத்த வியாழக்கிழமைதான் கிடைக்கும். ஒம்பது நாள். எங்க அத்தாகிட்ட இந்த வாரம் முடிஞ்சிரும்னு சொல்லிட்டேன், கல்யாணத்துக்கு மண்டபம் பாக்கட்டுமா பாக்கட்டுமான்னு போன் மேல போன் போட்டுக்கிட்டு இருக்காரு. இப்ப நான் அவருகிட்ட என்னன்னு சொல்றது, தவளை மாறிப் போச்சுன்னா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"குழாய எடுத்திருந்தேன்னா ஏழு மாசம்ணே" என்றாள், கொஞ்சம் மெதுவாக, அவரிடம் இல்லாமல் தொட்டியிடம் சொல்வதுபோல. பிறகு வெளியே போய்விட்டாள். கதவு சாத்தும் ஓசை இரண்டு அறை தாண்டிக் கேட்டது.

சன்னாசி மேல்தட்டுத் தொட்டி பதினாறையும் ஒவ்வோர் அட்டையாக வைத்துச் சரிபார்த்தார், அட்டை இல்லாத பதினேழை மட்டும் நினைவில் இருந்த புள்ளி வரிசையை வைத்து. நான்கு மூடிகள் மாறியிருந்தன. மாற்றிப் போட்டு, பத்தொன்பதின் மூடிக்குப் புது நூல் கட்டினார், நோட்டில் பதினேழை அடித்துப் பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், லென்ஸுக்குத் திரும்பினார். இரண்டாம் பிளவு முடிந்து, மூன்றாவதும் முடிந்திருந்தது, நான்கு கருத்தவை மேலே, நான்கு வெளுத்தவை கீழே. அந்தக் கணக்கு இன்று யாருக்கும் வேண்டாம். இருந்தாலும் எண்ணி, எட்டு செல், மணி பன்னிரண்டு ஒன்பது, முப்பத்தெட்டு என்று எழுதினார்.

பின்னால் காலடி கேட்டது. ரிஸ்வானா. முகம் கழுவியிருந்தாள், முன்தலையில் முக்காடு நனைந்திருந்தது. அவரைப் பார்க்கவில்லை. "நகருங்க" என்றாள். அவர் எழுந்து நின்றார். அவள் உட்கார்ந்து, லென்ஸில் குனிந்து, நோட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். உதடு அசைவது பக்கவாட்டில் தெரிந்தது. எண்ணுகிறாள். அவர் பயந்திருந்தது இதைத்தான், ஆனால் முதுகுக்குப் பின்னால் நடக்காமல் கண்ணெதிரே நடந்தது.

"எனக்கு முப்பத்தேழுதாண்ணே வருது."

சன்னாசி நோட்டைப் பார்க்கவில்லை.

"முப்பத்தெட்டு" என்றார். "திரும்ப எண்ணுங்க."

அவள் திரும்ப எண்ணினாள். இந்தத் தடவை மெதுவாக, விரலால் மேசையில் தட்டித் தட்டி. முடித்துவிட்டும் தலையைத் தூக்கவில்லை. லென்ஸுக்குள் பார்த்தபடியே பேனாவுக்குக் கையை நீட்டி, அவர் எழுதியிருந்த எண்ணுக்குப் பக்கத்தில் தன்னுடைய சரிக்குறியைப் போட்டாள்.